தலைப்பெழுத்து

3 மார்ச், திங்கள்

இந்த டைரியை ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தார். இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தது. ஆராய்ச்சியின் இரண்டாவது சுற்று இன்று தொடங்குவதால் எடுத்தேன். எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூடக் காலண்டரில் குறிப்பேன். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஸ்கேன் அறை 20 டிகிரி. காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் 71 சதவீதம்.

எழுதுவது என்று வந்துவிட்டால் முழுதாக எழுத வேண்டும். நான் செண்பகவல்லி. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவள். ஆராய்ச்சி, நரம்பியல் டாக்டர் ஜெசிந்தா மேடத்துடையது. எம்.எஸ். என்ற நோய் உள்ள நாற்பது பேர் இதில் இருக்கிறார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே மூளைக்குள் புகுந்து நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய் அது. படிவத்தில் ‘அழற்சி’ என்று அச்சடித்திருக்கிறார்கள். வாசித்துவிட்டு ஒருத்தர் பாக்கியில்லாமல் ‘அலர்ஜியா?’ என்று கேட்கிறார்கள். நான் அடுப்பை வைத்துச் சொல்வேன். உள்ளே கங்கு கிடக்கிறது. எரிந்து முடிந்தால் சாம்பல். சாயம் ஏற்றிப் படம் எடுத்தால் கங்கு மட்டும் பளிச்சென்று தெரியும். சாயம் இல்லாவிட்டால் கங்கும் சாம்பலும் ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளிதான். அப்போது பழைய படத்தில் எத்தனை, இதில் எத்தனை என்று எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு படம். உடம்பில் தெரியும் முன்பே படத்தில் தெரிகிறதா, தெரிந்ததும் மருந்தை மாற்றினால் நடையைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் மேடத்தின் கேள்வி. புள்ளிகளை எண்ணுபவர் மதுரையில் ஒரு டாக்டர். அவருக்குப் பெயர் போகாது, எண் மட்டும் போகும். பழைய படமும் போகாது. பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயுமாம். அவர் அனுப்பும் எண்ணிக்கையைப் பழையதற்குப் பக்கத்தில் எழுதுவது நான். பெயரை எண்ணாக்குவதும் நான். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பார்ப்பேன். பிறகு அந்த ஆளின் பழைய படத்தைத் திறந்து, அதே கோணத்தில் தலையைப் பொருத்தித்தான் புதிய படம் எடுப்பேன். முதல் சுற்றில் நாற்பதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பதிவு கவுண்டர் பிள்ளைகள் பிசகுவார்கள். நான் பிசகுவதில்லை.

யாழினிக்கு இன்று பிளஸ் டூ முதல் பரீட்சை. தமிழ். சுலபம் என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

7 மார்ச், வெள்ளி

இன்று ஒரு கூத்து. 23ஆம் எண், மு. பேச்சியம்மாள், புதுத் தாலியோடு வந்து நிற்கிறாள். கூட மாமியார். உள்ளே போக வேண்டுமானால் உலோகம் எதுவும் கூடாது. கழற்றச் சொன்னேன். மாமியார் விடவில்லை.

“கழுத்த வெறுமன போடக் கூடாதுல்லா? கட்டி முப்பது நாள்கூட ஆவல.”

“உள்ள இருக்கது காந்தம்மா. இதுல எனக்கு இஷ்டம்னு ஒண்ணும் இல்ல.”

“எங்க குடும்பத்துல வழக்கம் கெடையாது. நீங்க படிச்சவிய, உங்களுக்கு என்ன?”

நான் இதற்கென்றே மேஜை டிராயரில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வைத்திருக்கிறேன். அதை முதலில் கட்டிவிட்டு, பிறகு தாலியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தால் கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்காது. பத்தொன்பது வருடத்தில் நான் கண்டுபிடித்த வழி. இந்த அம்மாள் அதற்கும் அரை மணி நேரம் வாதாடினாள். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். இடது கையால் கயிற்றை முடிந்துகொண்டே வலது கையால் பெயரைத் தட்டினேன். மு. பேச்சியம்மாள், 1.6.1997. கணினி 23 என்று காட்டியது. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் சரி.

மாமியார் வெளியே போனதும் அந்தப் பெண் மெல்லச் சொன்னாள், “அக்கா, நாள் தள்ளிருக்கு. அத்தைக்குச் சொல்லல.” கர்ப்பமாக இருந்தால் சாயம் ஏற்றக் கூடாது. சாயம் இல்லாமலே எடுத்தேன். எண்ணிக்கை போதும்.

“போன தடவ நான் தனியா வந்தேன். நீங்கதான் காதுல பஞ்சு வச்சிவிட்டிய,” என்றாள். எல்லாருக்கும் நான்தான் பஞ்சு வைக்கிறேன்.

13 மார்ச், வியாழன்

மதுரையிலிருந்து எண்ணிக்கை வந்தது. 23ஆம் எண்ணுக்குப் போன முறை பதினான்கு புள்ளி, இந்த முறை பதினொன்று. குறைந்திருக்கிறது! மேடம் தாளைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பது ஆஸ்பத்திரியில் விசேஷம். “சில இடம் ஆறி மறையும் செண்பகா. நல்ல விஷயம்” என்றார்.

9ஆம் எண் இன்னும் படத்துக்கு வரவில்லை. சு. பேச்சியம்மாள். இன்னொரு பேச்சி. இந்தப் பக்கம் பேச்சிக்கும் இசக்கிக்கும் பஞ்சமா?

18 மார்ச், செவ்வாய்

வராதவர்களுக்குப் போன் செய்தேன். 9ஆம் எண்ணுக்கு அப்பா எடுத்தார், சுடலைமுத்து என்று பெயர்.

“முந்தின வாரமே தாயி வந்துட்டுப் போனா.”

“வரலையே. இங்க பதிவு இல்லியே.”

“இல்ல தாயி. மாமியாகூட வந்தாளாம், போன் பண்ணிச் சொன்னா. படம் நல்லாருக்குன்னு…”

வராதவர்கள் எல்லாரும் வந்தேன் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் பொய் சொல்லிவிட்டு எங்கே போனாளோ. ‘வரவில்லை’ என்று எழுதிக் கட்டத்தை அடைத்தேன். மனிதருக்குக் காதும் சரியில்லை போல.

25 மார்ச், செவ்வாய்

யாழினிக்குப் பரீட்சை முடிந்தது. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. குடத்தில் தூக்கி முதுகு போச்சு.

28 மார்ச், வெள்ளி

மு. பேச்சியம்மாள் ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்தாள். கர்ப்பம் இல்லை, நாள் தள்ளிப் போனதுதான். படம் அமைதியாக இருப்பதால் வாரா வாரம் போட்ட ஊசியை ஆறு மாதம் நிறுத்தலாம், அதற்குள் பிள்ளை உண்டாகலாம் என்று மேடம் சொன்னாராம்.

“எல்லாம் உங்க படத்தாலதான் அக்கா. ஊசி போட்ட அன்னைக்கெல்லாம் காய்ச்ச அடிக்கும். அவிய பயந்துருவாவ. இனி பயமில்ல.”

படத்தை எடுத்ததற்கு எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள். கொய்யா நல்ல இனிப்பு.

22 ஏப்ரல், செவ்வாய்

காலை பத்தரைக்குச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். மு. பேச்சியம்மாள். மூன்று நாளாக இடது கால் இழுக்கிறது. இன்று காலை தரையில் ஊன்ற முடியவில்லை. இடது கண்ணில் புகை மாதிரி இருக்கிறது என்றாள். இந்த முறை சாயம் ஏற்றச் சொல்லி மேடத்தின் சீட்டு. மாமியார் தாலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளே மருமகள் கழுத்திலிருந்து அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

சாயம் ஏறியதும் திரை முழுக்க வெள்ளை. எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

23ஆம் எண்ணின் முதல் படத்தைத் திறந்து, அதே கோணத்தில் தலையைப் பொருத்தப் பார்த்தேன். பொருந்தவில்லை. நடுக்கோடு விலகியது, நெற்றி எலும்பு விலகியது. மூன்று முறை முயன்றேன். இயந்திரக் கோளாறாக இருக்கும். சர்வீஸ்காரருக்கு எழுத வேண்டும்.

மார்ச்சில் இப்படிப் பொருத்தினேனா என்று யோசித்தேன். அன்று நேரமில்லை. நேராகப் படுக்க வைத்து எடுத்துவிட்டேன்.

அறை 20 டிகிரி. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

23 ஏப்ரல், புதன்

மேடம் வார்டில் பேசியதைக் கேட்டேன். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். அடுத்த கட்ட மருந்து கடுமையானது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே முடக்கும், சாதாரணச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும். அதைப் போட்டால் பிள்ளைப் பேச்சையும் ஒரு வருடத்துக்கு எடுக்க முடியாது. “மார்ச் படத்தில் புதுசா ஒண்ணுமே இல்ல. அடங்கி இருந்த நோய், ஊசிய நிறுத்தினதால ஒரு தடவ கிளம்பிருக்கு. ஸ்டீராய்டுக்கு அடங்கும். ரெண்டு வாரம் பாக்கலாம்” என்று ஜூனியர் டாக்டரிடம் சொன்னார். கையில் நான் எழுதிய தாள். பதினான்கு, பக்கத்தில் பதினொன்று. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று மேடம் எப்போதும் சொல்வார்.

24 ஏப்ரல், வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் அறையைத் தாழிட்டுவிட்டு 9ஆம் எண்ணின் முதல் படத்தைத் திறந்தேன். டிசம்பர் படம். வந்துவிட்டுப் போனாள் என்று அப்பா அடித்துச் சொன்ன சு. பேச்சியம்மாள். புள்ளி ஐந்து. அதை 23ஆம் எண்ணின் மார்ச் படத்தின் மேல் வைத்தேன்.

பொருந்தியது.

மூடிவிட்டேன்.

25 ஏப்ரல், வெள்ளி

கல்லூரி விண்ணப்பம் போட யாழினி உட்கார்ந்திருந்தாள். என் சான்றிதழ்களையும் கேட்கிறார்களாம். “அம்மா, உங்க டிகிரில ஆ. செண்பகவல்லின்னு இருக்கு, ஆதார்ல பா. செண்பகவல்லி. ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி நம்புவாங்க?” என்றாள். ஆறுமுகம் என் அப்பா. பால்பாண்டி என் வீட்டுக்காரர். கல்யாணமான மறு மாதம் ரேஷன் கார்டில் மாற்றினோம், ஆதார் அதன் பின்னால் போனது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

சுடலைமுத்து மகள் சு. பேச்சியம்மாள். பிப்ரவரியில் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் முருகேசன். புது ஆதார் அட்டையைக் காட்டியதும் கவுண்டரில் புதுக் கோப்பு போட்டுவிட்டார்கள். அதில் மு. பேச்சியம்மாள். நான் தேடினேன், என்னிடம் ஏற்கெனவே ஒரு மு. பேச்சியம்மாள் இருந்தாள். பிறந்த தேதி? இரண்டு பேருக்கும் ஜூன் ஒன்று. ஏன் இருக்காது? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதானே. எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். எனக்கும் ஜூன் மூன்று. நான் பிறந்தது தை மாதம்.

பதினான்கு பதினொன்றாகக் குறையவில்லை. ஐந்து பதினொன்றாகியிருக்கிறது. மூன்று மாதத்தில் ஆறு புதுப் புள்ளி. அந்தத் தாள் சரியாக இருந்திருந்தால் மேடம் ஊசியை நிறுத்தியிருக்க மாட்டார். மார்ச்சிலேயே கடுமையான மருந்துக்கு மாற்றியிருப்பார்.

கவுண்டர் பிள்ளைகள் புதுக் கோப்பு போட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். என் தப்பு மட்டும் இல்லை. ஸ்டீராய்டு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அதிலேயே அடங்கினாலும் அடங்கலாம்.

26 ஏப்ரல், சனி

மேடத்திடம் போனேன். சொல்லத்தான் போனேன். “மேடம், அந்தப் பேச்சியம்மாளோட பழைய படத்தையும் சேத்து வச்சு நீங்களே ஒரு தடவ பாத்தா என்ன?” என்று மட்டும் வாயில் வந்தது.

“நீங்க எழுதினதுல நான் என்னத்த பாக்க செண்பகா? உங்க கணக்கு தப்புமா?”

திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் பால் பாக்கெட்டும் கறிவேப்பிலையும் வாங்கினேன். கறிவேப்பிலையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

லீவு நாளில் வார்டுக்குப் போனேன். எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். இயந்திரம் பார்க்க என்றேன்.

ஐந்தாவது பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. முருகேசன் கட்டிலுக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்றான். பந்தல் போடும் வேலை செய்கிறவன், நல்ல உயரம், கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டியிருந்தான். மாமியார் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“சீக்க மறைச்சு எங்க தலையில கட்டிட்டாவ. பொண்ணு பாக்க வந்தப்ப நல்லாத்தான் நடந்தா. எம் மவன் தலையெழுத்து.”

பேச்சி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பக்கம் தலையைத் திருப்பி, “மறைக்கல அக்கா. அவியகிட்ட நான் மொதல்லயே சொன்னேன். ஆராய்ச்சியில இருக்கேன், படம் எடுத்துப் பாத்துக்கிடுவாவன்னு சொன்னேன்” என்றாள். பிறகு, “படத்துல நல்லாருக்குன்னுதான சொன்னிய?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் தேதி தாண்டாத பொருள்தானா என்று கேட்பதுபோல, உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

தலையணையைச் சரி செய்தேன். வெயில் அதிகம் என்று சொன்னேன். கைப்பிடியைத் தொடாமலே படியில் இறங்கினேன். எனக்குக் கால் இருக்கிறது. சொன்னபடி இறங்குகிறது.

28 ஏப்ரல், திங்கள்

சொல்லவில்லை.

29 ஏப்ரல், செவ்வாய்

வலது காலும் போய்விட்டது. ஸ்டீராய்டுக்கு அடங்கவில்லை. மூத்திரம் பிரியாமல் குழாய் போட்டிருக்கிறார்கள். மேடம் முகத்தில் குழப்பம். “அமைதியான நோய் இப்படிப் பண்ணாதே” என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டார். கிருமித் தொற்றாக இருக்குமோ என்று முதுகில் நீர் எடுத்து அனுப்பியிருக்கிறார். முடிவு வர மூன்று நாள். தொற்று இருக்கும்போது கடுமையான மருந்து போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் காத்திருக்கிறார். அந்தத் தாளை நம்பிக் காத்திருக்கிறார். நான் எழுதிய தாளை.

கடவுளே, நான் என்ன மனுஷி. மூன்று வார்த்தை. “நான் மாத்திட்டேன் மேடம்.” சமையலறையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். வருகிறது. அங்கே போனால் வரவில்லை. பத்தொன்பது வருடம் நான் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான், செண்பகா எழுதினால் சரியாக இருக்கும் என்ற பேர். அதற்கு அந்தப் பெண்ணின் கால்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

30 ஏப்ரல், புதன்

இன்று காலைதான் உறைத்தது. அப்படியானால் உண்மையான 23 எங்கே?

கடையம் பக்கத்து ஊர். பீடி சுற்றுகிறவள், இரண்டு குழந்தைகள், கணவன் பெயர் முப்பிடாதி. போன் செய்தேன். அவளே எடுத்தாள்.

“நீங்க ஏம்மா மார்ச்ல வரல?”

“நீங்க கூப்பிடுவேன்னு சொன்னியள்ளா. கூப்பிடல. கூப்பிடலன்னா வேண்டாம்னுதான அர்த்தம்னு இருந்துட்டேன்.”

கூப்பிட மாட்டேன்தான். வந்துவிட்டதாக என் பதிவில் இருக்கிறதே. ஊசி மருந்தும் படத்துக்கு வரும்போதுதான் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்போம். இரண்டு மாதமாக ஊசி இல்லாமல் இருக்கிறாள்.

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“வெரல்தான் மரத்துப் போவுது. எல சுத்த வரல. வேறொண்ணும் இல்ல. இப்ப வரட்டுமா?”

வரச் சொன்னேன். வைத்த பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு கயிற்றை முடிகிற நேரத்தில் இரண்டு பேரைக் கெடுத்திருக்கிறேன்.

1 மே, வியாழன்

விடுமுறை. மேடம் ஊரில் இல்லை. போன் செய்தால் எடுப்பார். செய்யவில்லை.

2 மே, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை எட்டே முக்காலுக்கு, மேடம் கைப்பையை மேஜையில் வைப்பதற்கு முன்பே சொன்னேன். மூன்று படங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. ஐந்து, பதினொன்று என்று விரலால் தொட்டார். உடனே போனை எடுத்து வார்டுக்குப் பேசினார். முதுகு நீர் முடிவு நேற்றே வந்திருந்தது, தொற்று இல்லை. கடுமையான மருந்தை இன்றே ஏற்றச் சொன்னார். 23ஆம் எண்ணுக்கும் இன்றே படுக்கை ஒதுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“எப்ப தெரிஞ்சுது?”

“இப்பத்தான் மேடம். இன்னைக்குக் காலைல பாக்கும்போது.”

பத்து நாளை விழுங்கிவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி தலை பொருந்தவில்லை, இருபத்து நான்காம் தேதி பொருந்தியது. இந்த டைரியில் இருக்கிறது. மேடத்திடம் இல்லை.

“நல்ல வேளை இப்பவாவது பாத்தீங்களே” என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

12 மே, திங்கள்

விசாரணைக் குழு கூடியது. நான்கு பேர். கவுண்டரில் புதுக் கோப்பு போட்டது, இரண்டு பேருக்கும் ஒரே பிறந்த தேதி, நான் தலையைப் பொருத்திப் பார்க்காதது, எல்லாம் பேசினார்கள். இனி படம் எடுக்கும் முன் அப்பா பெயரும் கேட்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும் என்று முடிவு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஆராய்ச்சியிலிருந்து விலக்கவில்லை. ‘பிழையைத் தானே கண்டறிந்து உடனடியாகத் தெரிவித்தார்’ என்று எழுதியிருக்கிறார்கள். உடனடியாக.

மேடத்திடம் கேட்டேன், பத்து நாள் முன்னால் தொடங்கியிருந்தால் கால் திரும்பியிருக்குமா என்று. பொதுவாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். “திரும்பிருக்கும்னு சொல்ல முடியாது. திரும்பிருக்காதுன்னும் சொல்ல முடியாது. ஏன் கேக்கீங்க?” என்றார்.

சும்மா என்றேன்.

19 மே, திங்கள்

23ஆம் எண்ணுக்கு விரல் மரப்பு குறைந்திருக்கிறது. இலை சுற்றிக் காட்டினாள், வெறுங்கையால்.

பேச்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமியார் வீட்டுக்கு அல்ல. சுடலைமுத்து ஆட்டோவில் வந்து கூட்டிக்கொண்டு போனார். வலது கால் ஊன்றுகிறது. இடது கால் இல்லை. முருகேசன் ஆட்டோவில் பைகளை ஏற்றிவிட்டு, ஏறாமல் நின்றானாம். நர்ஸ் சொன்னாள்.

1 ஜூன், ஞாயிறு

குழுவின் அறிக்கையில் நோயாளி கையெழுத்துப் போட வேண்டும், ‘நடந்தது எனக்கு விளக்கப்பட்டது’ என்று. தபாலில் அனுப்பலாம் என்றார்கள். நானே கொண்டுபோகிறேன் என்றேன். முக்கூடல் தாண்டி இரண்டு பஸ். வீட்டில் எங்கே என்று கேட்டார்கள். இந்த முறை உண்மையைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவிட்டார்.

சுடலைமுத்துவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. “அன்னைக்கு நான் சொன்னேன்லா தாயி, வந்துட்டுப் போனான்னு” என்றார். ஆமாம் என்றேன். அவர் மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பேச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது காலைக் கையால் தூக்கி ஒரு பெட்டியின் மேல் வைத்திருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. மடியில் போன்.

“ஆஸ்பத்திரியில இருந்து மெசேஜ் வந்திருக்கு அக்கா. பிறந்தநாள் வாழ்த்தாம். அப்பா வாசிச்சாவ. இன்னைக்கு எனக்குப் பிறந்தநாளாம்.”

“நெசமா எப்ப பிறந்த?”

“ஐப்பசி. வீட்டுக்குள்ள மொழங்கால் தண்ணி நின்ன அன்னைக்காம். தேதி யாருக்குத் தெரியும்.”

அறிக்கையை நீட்டினேன். வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, திரும்பக் கொடுத்தாள்.

“ஒரு கண்ணு புகையா இருக்கு, இன்னொண்ணு பொடி எழுத்துக்கு வலிக்கி. நீங்களே வாசிங்க.”

வாசித்தேன். தமிழில் எழுதியதுதான். பெயர் மாறியது, எண் மாறியது, ஐந்து, பதினான்கு, பதினொன்று. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ‘மேற்படி ஊழியர் மே மாதம் இரண்டாம் தேதி பிழையைக் கண்டறிந்து’ என்ற வரி வந்தது. மோர் குடித்தேன். பிறகு வாசித்தேன்.

“மேற்படி ஊழியர் ஏப்ரல் மாதம் இருபத்திரண்டாம் தேதி பிழையை அறிந்து, மே மாதம் இரண்டாம் தேதி வரை சொல்லாமல் இருந்து…”

பேச்சி தலையாட்டவில்லை. விரல்களை மடக்கி எண்ணினாள். இரண்டு கையும் முடிந்தது.

“நீங்க வார்டுக்கு வந்திய,” என்றாள். “தலகாணிய சரி பண்ணிய.”

“ஆமா.”

“அப்பவே தெரியும்.”

“தெரியும்மா.”

“அன்னைக்கு வலது கால் இருந்துச்சி.”

மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அந்த வார்த்தையை எடுக்கவே கூசியது. சுடலைமுத்து மாட்டோடு பேசுவது மட்டும் கேட்டது.

“தாள்ல அப்படித்தான் எழுதிருக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“எழுதுங்க. எழுதினப்புறம் கையெழுத்துப் போடுதேன்.”

அச்சடித்த தேதியை அடித்தேன். மேலே என் கையால் இரண்டு தேதிகளையும் ‘சொல்லாமல் இருந்து’ என்பதையும் எழுதி, பக்கத்தில் பா. செண்பகவல்லி என்று ஒப்பமிட்டேன். நாளை இது மேடம் மேஜைக்குப் போகும். எழுதிய பிறகு வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவை வாசித்தேன். பேனாவைக் கேட்டாள். தாளில் எந்த இடம் என்று என் கையால் அவள் விரலை வைத்துக் காட்டினேன். பெரிய பெரிய எழுத்தில் பேச்சியம்மாள் என்று எழுதினாள். முன்னால் ஒன்றும் போடவில்லை.

“தலைப்பெழுத்து?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“வேண்டாம்,” என்றாள். “நாந்தான்னு உங்களுக்குத் தெரியும்லா.”